ஊமை ரூபாயும் நாலு முழ நூலும்

சதக் காசில் இருந்த மரம் தென்னையா தாளிப்பனையா என்று கண்டிக் கடைத்தெருவில் கட்டிப்புரண்டு சண்டை போட்டவர்கள் யாராவது இன்னும் மிஞ்சியிருந்தால் கிட்ட வந்து உட்காருங்கள். நான் உட்காரமாட்டேன். இந்த வயதிலும் எனக்கு ஒரு இடத்தில் கால் நிற்காது. எழுதத் தொடங்கி நாலு வரி ஆகவில்லை, அதற்குள் இரண்டு தடவை எழுந்துபோய் அலுமாரியைத் திறந்து அந்தத் தகர டப்பா இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன். இருக்கிறது. அது எங்கே போகப்போகிறது.

டப்பாவில் என்ன இருக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் ஏதோ நகை என்று நினைப்பீர்கள். எல்லாம் அச்சுக்கூடத்தில் பிழையாய் அடிபட்ட காசுகள். ஒரு சதம், இரண்டு பக்கமும் ராணி. ஒரு பக்கம் முகம் மேடாக, மறுபக்கம் அதே முகம் பள்ளமாக. அடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டால் அடுத்த காசின் முதுகில் இப்படித்தான் விழும். இன்னொன்றில் மரம் இரட்டையாக, குடித்தவன் கண்ணுக்குத் தெரிவதுபோல. மற்றொன்றை ராணி நிமிர்ந்து நிற்கப் பிடித்துப் பக்கவாட்டில் திருப்பினால் மரம் தலைகீழாக நிற்கும். தலைகீழ் மரம் வீட்டுக்கு ஆகாது என்று அம்மா அதை மூன்று தடவை தூர எறிந்தாள். மூன்று தடவையும் நான் பொறுக்கி வந்தேன். காப்பி பழுத்துத் தொங்கிய அந்தக் காலத்தில் மற்றப் பிள்ளைகள் கண்ணாடி வளையல் துண்டு சேர்த்தார்கள், நான் இதைச் சேர்த்தேன்.

எல்லாம் எங்கள் வீட்டு முன்னறையில் கிடைத்தவை. அப்பா சராப்பு. இந்தச் சொல்லே இப்போது செத்துவிட்டது. ரூபாய் நல்லதா கள்ளமா என்று பார்த்துச் சொல்கிற வேலை. தோட்டங்களுக்குச் சம்பள ரூபாய் பெட்டி பெட்டியாய் ரயிலில் கண்டிக்கு வரும். பேங்கிலிருந்து தோட்டத்துக்குப் போகுமுன் ஒவ்வொன்றும் அப்பாவின் கல்லைத் தாண்ட வேண்டும். உள்ளங்கையளவு கறுப்புக் கல். பெருவிரல் நகத்தால் சுண்டி அதன்மேல் விழவிடுவார். நல்ல வெள்ளி பாடும். பாட்டு முடிந்த பிறகும் ஒரு மெல்லிய வால் காற்றில் கொஞ்ச நேரம் நிற்கும். ஈயம் கலந்தது டொக்கென்று விழுந்து அங்கேயே செத்துப்போகும். கள்ளம் என்று சொல்லிவிட்டால் கொண்டுவந்தவர் கண்முன்னாலேயே உளியை வைத்து இரண்டாய் வெட்டிவிட வேண்டும். அதுதான் வழக்கம். அப்பா தவறி ஒரு கள்ள ரூபாயைக் கடத்திவிட்டால் அது அவர் தலையில் விழும். இரண்டு மூன்று தடவை அப்படி நடந்தால் பெட்டி வேறு ஆளுக்குப் போய்விடும்.

அந்த வருஷம் கண்டியே ஒரு நிலையில் இல்லை. காப்பி இலையில் மஞ்சள் தூள் பூத்துவிட்டது என்று தோட்டத்திலிருந்து வந்தவர்கள் எல்லாம் ஒரே பேச்சு. அப்படியும் பழம் வந்துகொண்டுதான் இருந்தது. வண்டிகள் ராப்பகலாய் ஓடின. ஸ்டோர்களில் பெண்கள் கொட்டை பொறுக்கும் சத்தமும், தொலி அழுகிய புளிப்பு வாடையும், விடாத மழையும். ஒருவருக்கொருவர் நம்பவில்லை. காரணம், நல்ல எடையில், நல்ல முகத்தில் கள்ள ரூபாய் வரத் தொடங்கியிருந்தது. கையில் வாங்கிப் பார்த்தால் யாரும் ஏமாறுவார்கள். கல்லில் போட்டால்தான் தெரியும்.

ஒரு நாள் புசல்லாவைக் கங்காணி ஒருவர் கொண்டுவந்ததில் ஒன்று டொக்கென்று விழுந்தது. அப்பா ‘நல்லது’ என்று ஒதுக்கினார். பலகைத் தட்டிக்குப் பின்னால் என் சதங்களோடு குந்தியிருந்த நான், “அது செத்தது” என்று கத்திவிட்டேன். அப்பா ஏதோ விளையாட்டுப்போலச் சிரித்து, அதைத் திரும்ப எடுத்து உளியை வைத்தார். உள்ளே சாம்பல் நிறமாய் ஈயம்.

கங்காணி போனபிறகு என்னைக் கூப்பிட்டு இரண்டு ரூபாயைச் சுண்டினார்.

“எது நல்லது?”

“முதல்ல போட்டது.”

திரும்பத் திரும்பப் போட்டார். நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. அவருக்கு எல்லா ரூபாயும் டொக்கென்றுதான் விழுந்தன. பேச்சு கேட்டது, மழை கேட்டது, அம்மா முணுமுணுப்பது உட்படக் கேட்டது. அந்த வால் மட்டும் கேட்கவில்லை.

நூல் அம்மாவின் யோசனை. அம்மா அழவில்லை, சாமி கும்பிடவில்லை. காப்பிச் சாக்குத் தைக்கிற நூலில் நாலு முழம் அறுத்தாள். அப்பா தாழ்ந்த மேசைக்கு அடியில் ஒரு காலை நீட்டி உட்காருவார். அந்தக் கால் பெருவிரலில் நூலின் ஒரு நுனி. பாய்க்கடியால் ஓடி, தட்டியின் கீழ்ச் சந்து வழியாக வந்து மறுநுனி என் கையில். செத்த சத்தம் கேட்டால் ஒரு இழுப்பு. நல்லதென்றால் சும்மா இருக்க வேண்டும்.

சும்மா இருப்பது என்றால் எனக்கு எப்படி என்று உங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை அந்த இடுக்கில் கால் மரத்து, மூத்திரம் முட்டி, கொசு கடித்து நான் பட்ட பாடு. “ஒரு எடத்துல இருடி, ஓடுகாலி. ஒன் கையிலதான் நம்ம சோறு இருக்கு,” என்று அம்மா காதோரம் சொல்லிவிட்டுப் போவாள். பத்து வயசுப் பிள்ளையிடம் சொல்கிற பேச்சா அது. உட்காருமுன் முடிச்சுப் போடுவதும் என் வேலை. இரட்டை முடிச்சு, அம்மா பார்த்துச் சரி சொல்ல வேண்டும்.

அந்த இடுக்கில் இருந்துதான் இன்னொன்றும் கண்டுபிடித்தேன். வெட்டிய கள்ள ரூபாய்கள் போடும் பெட்டி, தட்டிச் சந்து வழியாக என் கைக்கும் எட்டும்படி அப்பா பக்கத்தில் இருந்தது. பொழுது போகாமல் பாதிகளைச் சேர்த்துச் சேர்த்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ராணியின் கன்னத்தில், காதுக்குக் கீழே, ஒரே கீறல். ஒரே இடம், ஒரே நீளம். கள்ளக்காசுக்காரன் ஒரு நல்ல ரூபாயை அச்சாக வைத்து வார்த்திருக்கிறான். அந்த ரூபாயில் இருந்த கீறல் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் வந்துவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் பெட்டியைக் கிளறினேன் என்றால் அடி விழும். வாயை மூடிக்கொண்டேன்.

இப்போது ஈயக்காரர் வருகிறார். மடவளையிலிருந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை எங்கள் தெருவுக்கு வந்து பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுவார். மாமரத்தடியில் குழி தோண்டி, கரி போட்டு, துருத்தி அமுக்கி, பழுத்த பாத்திரத்தில் நவச்சாரத்தைத் தூவுவார். குப்பென்று வெள்ளைப் புகை மூக்கைப் பிடுங்கும். ஒரு துண்டு ஈயத்தைத் தேய்த்துப் பஞ்சால் ஒரு சுற்றுச் சுற்றினால் பாத்திரத்தின் உள்ளே நிலா. நான் எத்தனை கேள்வி கேட்டாலும் சலிக்கமாட்டார். தெருவில் என்னை அடித்து விரட்டாத பெரிய மனிதர் அவர் ஒருவர்தான்.

அன்று அவர் வேலைக்கு வரவில்லை. வெள்ளைச் சட்டை போட்டு, தொப்பி வைத்து, ஏழு ரூபாயைத் துணியில் முடிந்துகொண்டு வந்தார். “மகளுக்கு கலியாணம், சராப்பையா. அரைப் பவுணா மாத்தித் தாங்க. வெள்ளியா குடுத்தா மாப்புள வீட்டாக்கள் ஒரு மாதிரி பாப்பாங்க.” கடையில் காப்பி ஸ்டோர்க் கணக்கப்பிள்ளையும் காத்துக்கொண்டிருந்தார்.

ஆறு ரூபாய் பாடியது. ஏழாவது டொக்கென்று விழுந்தது.

நான் இழுத்தேன்.

“கள்ளம்,” என்றார் அப்பா.

“என்ன சராப்பையா சொல்றீங்க. பெரிய பங்களாவுல அண்டா பூசினதுக்கு தந்த காசி அது. ஈயம் என்ட பையில இரிக்கும். காசில எப்பிடி இரிக்கும்?”

கணக்கப்பிள்ளை எழுந்துவிட்டார். “ஈயமும் இவன்கிட்ட, உருக்குற கரண்டியும் இவன்கிட்ட. ஊரெல்லாம் தேடுறோம், நல்ல வேளையா வாசலுக்கே வந்திருக்கான்.” சொல்லிக்கொண்டே பொலிஸ்காரரைக் கூப்பிடத் தெருவுக்கு ஓடினார். ஈயக்காரர் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அப்படியே தரையில் குந்திவிட்டார்.

அப்பா உளியை வைத்து அடித்தார். ஈயமென்றால் ஒரே அடியில் வாயைத் திறக்கும். திறக்கவில்லை. இரண்டாவது அடி. மூன்றாவது அடியில்தான் பிளந்தது. தட்டிச் சந்தில் கண்ணை வைத்திருந்த எனக்கு நன்றாகத் தெரிந்தது. உள்ளே வெள்ளை வெளேரென்று வெள்ளி. நடுவில் மட்டும் மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு, இரண்டு ரொட்டி ஒட்டிக்கொண்ட மாதிரி. தகட்டிலேயே இருந்த பிளவு. அப்படிப் பிறந்த ரூபாய் எத்தனை சுத்தமானாலும் பாடாது. அதற்கு ஊமை ரூபாய் என்று பெயர் என்பதை வெகுகாலம் கழித்து, காசு சேர்க்கும் ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் சொல்லித்தான் அறிந்தேன். ஆனால் அது வெள்ளி என்பது அன்றைக்கே தெரியும். எனக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும்.

அப்பாவின் இடதுகை அந்தப் பாதிகளின்மேல் மூடியது. வலதுகை பக்கத்துப் பெட்டிக்குள் போய், முன்பு எப்போதோ வெட்டிய ஒரு கள்ள ரூபாயின் இரண்டு பாதிகளை எடுத்து மேசையில் வைத்தது. பொலிஸ்காரர் வந்து அதைத்தான் எடுத்துப்போனார், ஈயக்காரரையும், அவருடைய பை, கரண்டி, துருத்தி எல்லாவற்றையும்.

அன்று சாப்பிடும்போது சொன்னேன். “அப்பா, அது வெள்ளி.”

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

“அப்பா, நீங்க குடுத்தது வேற ரூபா.”

“என்னம்மா சொல்ற, எனக்குச் சரியாக் கேக்கல,” என்றார்.

பேச்சு அவருக்கு நன்றாகக் கேட்கும். எனக்குப் பயமாக இருந்தது, அப்பாமேல் வெறுப்பாகவும் இருந்தது. மேசை லாச்சியின், அந்த இழுப்பறையின், பின்மூலையில் அவர் ஒளித்த இரண்டு பாதியையும் மறுநாளே எடுத்து என் டப்பாவில் போட்டுக்கொண்டேன். அவர் தேடியிருப்பார். கேட்கவில்லை.

மழை கொட்டியது. ஈயக்காரரை வழக்கு முடியும்வரை மறியல் சிறையில் வைத்துவிட்டார்கள். அப்பா சாட்சி சொன்னால் வருஷக்கணக்கில் உள்ளே போவார் என்று தெருவில் பேசினார்கள். மடவளைக்காரர்கள் காசு சேர்த்து ஒரு பிரக்கிராசியாரைப் பிடித்தார்கள். அந்தக் காலத்தில் வழக்குப் பேசுகிற ஐயாமாரை அப்படித்தான் சொல்வோம். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். இந்தச் சராப்பின் காதை நம்பித்தானே ஒரு மனிதனைப் பிடித்திருக்கிறீர்கள், அந்தக் காதை ஒருதரம் பரீட்சை செய்து பார்க்க வேண்டாமா? அப்பா சம்மதித்தார். ஆனால், “எங் கல்லு எங் கடையில இருக்கு. அங்க வந்தாத் தட்டுறேன்,” என்றார். ஏன் என்று எங்கள் மூன்று பேருக்கும்தான் தெரியும்.

பரீட்சைக்கு முந்தின நாள் சாயங்காலம் ஈயக்காரரின் மனைவி நனைந்துகொண்டே வந்தார். அம்மா, “உள்ள வாங்கக்கா,” என்று பாய் போட்டாள். அவர் உட்காரவில்லை.

“அவர் செய்யல்ல, தங்கச்சி. மகள்ட கலியாணமும் நிண்டு போச்சி. நான் கலியாணத்துக்கு அழவரல்ல. சராப்பையாவுக்கு ஒரு வேள பெசகிருந்தா அத சொல்லச் சொல்லுங்க. பெசகாத மனிசன் ஆரு இரிக்கிற?”

அம்மா அரிசியும் தேங்காயும் எடுத்துக் கொடுத்தாள். அவர் வாங்காமல் போய்விட்டார். உள்ளறையில் கட்டிலில் படுத்திருந்த அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எனக்கு அன்று தூக்கமே இல்லை. ஒரு முடிவுக்கு வந்தேன். நாளைக்கு நான் இழுக்கப் போவதில்லை. அப்பா தோற்றுப்போவார், ஈயக்காரர் வீட்டுக்கு வருவார். காலையில் எழுந்ததும் அந்த முடிவு பாதியாகிவிட்டது. அப்பா காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விரலில் நூலைச் சுற்றும்போது அவர் பாதம் ஐஸ் போலக் குளிர்ந்திருந்தது. எனக்குத் தாங்கவில்லை. கிளறியதற்கு அடி விழுந்தாலும் விழட்டும் என்று சொல்லிவிட்டேன்.

“அப்பா, நூல் இல்லாட்டியும் பயப்படாதீங்க. கள்ள ரூபா எல்லாத்துலயும் ராணி கன்னத்துல ஒரே கீறல் இருக்கு. காதுக்குக் கீழ. பாத்தாலே தெரியும்.”

அவர் என் பக்கம் திரும்பினார். “நீயாக் கண்டுபிடிச்சியா?”

“ம்.”

“முடிச்சு நல்லாப் போட்டியா?”

“ரெட்டை முடிச்சு.”

“சரி, போய் ஒக்காரு,” என்றார்.

பிரக்கிராசியார் குடையைச் சாத்திவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தார். ஒரு இன்ஸ்பெக்டரும் வந்தார். வாசலில் மடவளைக்காரர்கள் பத்துப் பேர், கணக்கப்பிள்ளை, தெருவில் பாதி. கைக்குட்டையிலிருந்து பத்து ரூபாயை எடுத்து வைத்தார் பிரக்கிராசியார். அதில் கள்ளம் எத்தனை என்று அவருக்கும் இன்ஸ்பெக்டருக்கும் மட்டும் தெரியும்.

முதல் ரூபாய் பாடியது. “நல்லது.” இரண்டாவதும் பாடியது. “நல்லது.” மூன்றாவது டொக்கென்று விழுந்தது.

இழுக்கக்கூடாது என்றுதான் இருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன். ஈயக்காரர் தரையில் குந்தியிருந்தது கண்ணுக்குள்தான் இருந்தது. ஆனால் அப்பாவின் குளிர்ந்த பாதமும், சோறு உன் கையில் என்ற அம்மாவின் பேச்சும் சேர்ந்து வந்தன. கை இழுத்துவிட்டது.

நூல் வந்தது. பிடிப்பில்லாமல், கனமில்லாமல், இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. நாலு முழமும் என் மடியில் வந்து விழுந்தது.

“நல்லது,” என்றார் அப்பா.

அதற்குப் பிறகு எல்லாம் தாறுமாறு. பாடினதைக் கள்ளம் என்றார், செத்ததை நல்லது என்றார். ஒவ்வொன்றையும் சுண்டினார், விழவிட்டார், நேரே முன்னால் பார்த்துக்கொண்டு சொன்னார். பிரக்கிராசியார் ரூபாய்களைத் திரும்பப் பொறுக்கிக்கொண்டார். “போதும், சராப்பு. என்ன இது?”

“காது போச்சுங்கய்யா. நாளாச்சு.”

“அப்ப அன்னிக்கு?”

“அன்னிக்கும் எனக்குக் கேக்கல,” என்றார் அப்பா. அது பொய்யில்லை. உண்மையும் அவ்வளவுதான்.

ஈயக்காரரை விட்டுவிட்டார்கள். பேங்குப் பெட்டியை எடுத்துப்போய்விட்டார்கள். முன்னறையைக் காலி செய்து பின்தெருவில் ஒற்றை அறைக்குப் போனோம். அப்பா காப்பி ஸ்டோரில் சாக்கு எண்ணினார், பிறகு எண்ணுவதற்குக் காப்பியும் இல்லாமல் போனது. “ஒரு முடிச்சு ஒழுங்காப் போடத் தெரியல இவளுக்கு. எல்லாம் இவளாலதான்,” என்று அம்மா சாகும்வரை சொன்னாள். அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். அவருக்கு இது கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். நானும் அதை நம்பினேன். ஒரு முடிச்சால் குடும்பத்தைக் கெடுத்தவள் என்று நம்பியே வளர்ந்து, கல்யாணம் கட்டி, பிள்ளை பெற்று, கிழவியும் ஆனேன். எதைக் கட்டினாலும் மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். என் மருமகள் சிரிப்பாள்.

வெளியே வந்தபின் ஈயக்காரர் ஒரே ஒருதரம் எங்கள் ஒற்றை அறையைத் தேடி வந்தார். அம்மாவின் அண்டாவுக்குக் காசு வாங்காமல் ஈயம் பூசினார். “மகள், உங்கட வாப்பா பெரிய மனிசன். காது போனத ஊருக்கு முன்னால சொல்றதுக்கு எல்லாருக்கும் மனசு வராது,” என்றார். அவர் துருத்தியை மடக்கிக்கொண்டிருந்தபோது வெள்ளிப் பாதிகளில் ஒன்றை அவர் பைக்குள் போட்டேன். தொட்டவுடன் அவருக்குத் தெரிந்திருக்கும், வெட்டிய உளி யாருடையது என்றும் தெரிந்திருக்கும். பதினைந்து நாள் கழித்து அவர் வரவில்லை. பிறகும் எங்கள் பக்கம் வரவில்லை. அம்மா ஈயம் போன பாத்திரத்தில் புளிக்குழம்பு வைக்க முடியாமல் மண்சட்டிக்கு மாறினாள்.

இனி நான் ஏன் அலுமாரிக்கும் மேசைக்கும் நடந்துகொண்டிருக்கிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் பேத்திக்குத் தலைகீழ் மரத்தைக் காட்ட டப்பாவைக் கொட்டினேன். அடியில் நூல் கிடந்தது. அன்றைக்கு ஆத்திரத்தில் சுருட்டிப் போட்டது, அதற்குப் பிறகு நான் விரிக்கவே இல்லை. காசின் விளிம்பையும் முகத்தையும் கண்ணாடி வைத்துப் பார்க்கிறவள், இந்த நூலின் நுனியை இத்தனை வருஷமாய்ப் பார்க்கவில்லை.

முடிச்சு அவிழ்ந்திருந்தால் நுனி நெளிந்து சுருண்டு பிரிந்து கிடக்கும். இது நேராக இருக்கிறது. அத்தனை இழையும் ஒரே மட்டத்தில், ஒரே அடியில் வெட்டுப்பட்டிருக்கின்றன. உளி வெட்டு எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாதா. என் இரட்டை முடிச்சு அவிழவே இல்லை. அது பரீட்சை முடியும்வரை அப்பாவின் விரலிலேயே இருந்திருக்கிறது.

அன்று அவர் ஒரு ரூபாயைக்கூடத் திருப்பிக் கன்னத்தைப் பார்க்கவில்லை. அதுவும் இப்போதுதான் உறைக்கிறது. பார்த்திருந்தால் ஜெயித்திருப்பார். வெள்ளியை வெட்டினேன், ஈயத்தைக் கொடுத்தேன் என்று சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை. தோற்பதற்கு மட்டும் வந்தது. அதையாவது என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பாவி மனுஷன், அம்மா என்னை ஏசும்போதெல்லாம் காது கேட்காதவர் மாதிரியே உட்கார்ந்திருந்தார்.

அவர்மேல் கோபப்பட்டுக்கொண்டே இருந்தால் எனக்கும் சௌகரியமாக இருக்கும். முடியவில்லை. அவர் வெட்டிவிட்டார். வெட்டியது தெரியாமல், ஈயக்காரர் உள்ளே போவார் என்று தெரிந்தும், மறுபக்கத்தில் இருந்து இழுத்தது நான்தான்.